நகர்த்திப் பார்க்கட்டும் பிள்ளைகள்: கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்குப் பாடம் எடுக்கும் நண்பர்களுக்கு,



நம் வாட்ஸ்அப் குழுக்களில் வாரம் தவறாமல் ஒரு பட்டியல் வந்து விழுகிறது. கணிதம் கற்பிக்க ஐம்பது இணையதளங்கள், ஆசிரியர்கள் வைத்திருக்க வேண்டிய இருபது செயலிகள் என்று தலைப்பு. சேமித்து வைக்கிறோம், பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. இதை நம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பட்டியல்கள் நமக்குத் தேவையானதைச் சொல்வதில்லை. எட்டாம் வகுப்புக் காரணிப்படுத்தலை நாளை இரண்டாவது பீரியடில் தொடங்கப் போகிறேன், நாற்பது பிள்ளைகள், புரொஜெக்டர் ஒன்று, கையில் நாற்பது நிமிடம். இந்த நிலைமைக்கு அந்த ஐம்பதில் எது உதவும் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

நான்கைந்து கருவிகள் போதும் என்பது என் எண்ணம். அவற்றைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: பிள்ளை திரையில் ஒன்றை மாற்றினால், அதற்குக் கணிதம் பதில் சொல்கிறதா? சரி, தவறு என்று பச்சையும் சிவப்புமாகக் காட்டும் வினாடிவினாக்கள் பதில் சொல்வதில்லை, மதிப்பெண் போடுகின்றன. அந்த வேலையை நாமே செய்கிறோம். வீடியோ இன்னும் ஒரு படி பின்னால் இருக்கிறது. அங்கே பிள்ளை எதையும் மாற்றவே முடியாது.

இந்தக் கேள்விக்கு முதலில் தேறுவது ஜியோஜீப்ரா. 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தம் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. கட்டணம் கட்டாமல் வகுப்பில் பயன்படுத்தலாம், கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். நம் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்று கியூஆர் கோடு போட்ட பெட்டி வருகிறதே, அவற்றில் பல நம்மைக் கொண்டுபோய் விடுவது ஜியோஜீப்ராவில்தான். தேர்வில் வராது என்று அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவை நல்ல செயல்பாடுகள். ஆனாலும் யாரோ செய்து வைத்ததைத் திறப்பதைவிட, வெற்றுத் திரையில் பிள்ளைகள் கண்முன்னே நீங்களே தொடங்குவது நல்லது என்பேன்.

ஒன்பதாம் வகுப்பு வட்டத்தை எடுத்துக்கொள்வோம். திரையில் ஒரு வட்டம். அதன் மேல் ஏ, பி என்று இரண்டு புள்ளிகள், அவற்றை இணைக்கும் நாண். வட்டத்தின் மேலேயே சி என்று மூன்றாவது புள்ளி. ஏ, பி இரண்டையும் சியோடு இணைத்து, சியில் அமையும் கோணத்தை அளந்து வையுங்கள். 60° என்று வைத்துக்கொள்வோம். இந்த இடத்தில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். சியை வட்டத்தின் மேலேயே நகர்த்தி பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கோணம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? வாயால் சொல்ல வேண்டாம், நோட்டில் எழுதட்டும். என் வகுப்புகளில் பாதிக்கு மேல் 'குறையும்' என்றே எழுதுவார்கள். கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும், கோணத்தின் ஒரு கை சுருங்கிக்கொண்டே போகிறதே. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நகர்த்தச் சொல்லுங்கள். 60, 60, 60. பியைத் தொடும் வரைக்கும் 60. தாண்டி மறுபக்க வில்லுக்குள் போன அந்த நொடியில் 120. வகுப்பில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அந்தச் சத்தத்தின் மேல்தான் தேற்றத்தை எழுத வேண்டும். ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம் என்பதும், வட்ட நாற்கரத்தின் எதிர்க் கோணங்களின் கூடுதல் 180° என்பதும் அந்த ஒரே நகர்வில் வந்துவிட்டன. ஏன் என்பதுதான் மீதம். அதைக் கரும்பலகையில் நாம் நிறுவிக்காட்டும்போது பிள்ளைகள் தாங்கள் கேட்ட கேள்விக்கான பதிலாக அதைக் கேட்பார்கள்.

செய்முறைக் குறிப்பு ஒன்று. சி மறுபக்கம் போனதும் 120க்குப் பதில் 240 என்று வரக்கூடும். ஜியோஜீப்ரா கோணத்தை இடஞ்சுழியாக அளப்பதால் பின்வளை கோணத்தைக் காட்டிவிடும். அந்தக் கோணத்தின் பண்புகளுக்குள் போய் 0°க்கும் 180°க்கும் இடையே என்று மாற்றி வைத்தால் சரியாகிவிடும். முதல் நாளே வீட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் எனக்குப் பிடிக்கும். ஜியோஜீப்ராவில் ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு புள்ளிகளைக் கண்ணளவில் வைத்து இணைத்துவிடுவார்கள். பார்க்கச் சதுரம்தான். ஒரு முனையைப் பிடித்து இழுங்கள், கோணலாகிப் போகும். செங்குத்துக் கோடும் வட்டமும் கொண்டு முறைப்படி அமைத்த சதுரமோ எந்த முனையை இழுத்தாலும் பெரிதாகும், சிறிதாகும், திரும்பும், சதுரமாகவே இருக்கும். பத்தாம் வகுப்பில் 8 மதிப்பெண்ணுக்காகச் செய்முறை வடிவியலை மனப்பாடமாகப் போட்டுத் தள்ளுகிற பிள்ளைக்கு, காம்பஸை எதற்காக அந்தப் புள்ளியில் ஊன்றுகிறோம் என்பது இங்கே விளங்கும்.

இத்தனை நல்லது சொன்ன பிறகு அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஜியோஜீப்ரா அளவுகளைத் தசமத்தில் முழுமையாக்கித்தான் காட்டுகிறது. 90° என்று எழுதியிருப்பது 89.999 ஆகவும் இருக்கலாம். நூறு முறை நகர்த்திப் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுவதைவிட அனுபவிக்க வைப்பதே நல்லது. அதற்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது.

வட்டத்தின் மேல் 2 புள்ளிகள் வைத்து இணைத்தால் வட்டம் 2 பகுதியாகப் பிரியும். 3 புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்தால் 4. நான்கு புள்ளிகளுக்கு 8, ஐந்துக்கு 16. ஆறு புள்ளிகளுக்கு எத்தனை? வகுப்பே 32 என்று கத்தும். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு புள்ளிகளைச் சம இடைவெளியில், ஒழுங்கு அறுகோணமாக வைத்தவர்களுக்கு 30 வரும். மற்றவர்களுக்கு 31. யாருக்கும் 32 வராது. 30க்கும் 31க்கும் சண்டை மூளும்போது ஜியோஜீப்ராவைத் திறங்கள். ஒழுங்கு அறுகோணத்தில் மூன்று மூலைவிட்டங்கள் நடுவில் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஒரு புள்ளியை மட்டும் மயிரிழை நகர்த்தினால் அந்த நடுப்புள்ளி பிரிந்து ஒரு சின்ன முக்கோணம் முளைக்கிறது. அதுதான் 31ஆவது பகுதி. ஐந்து உறுப்புகள் வரை இரண்டின் அடுக்காகப் போன வரிசை ஆறாவதில் ஏமாற்றிவிட்டது. நிரூபணம் எதற்கு என்று இனி அந்த வகுப்பில் யாரும் கேட்கமாட்டார்கள்.

அதே பீரியடில் இன்னொரு தளத்தையும் காட்டிவிடலாம். முழு எண் தொடர்வரிசைகளுக்கென்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் உண்டு, ஓ.இ.ஐ.எஸ். என்று பெயர். நீல் ஸ்லோன் என்ற கணிதவியலாளர் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது 1964இல் தனிப்பட்ட முறையில் சேகரிக்கத் தொடங்கியது, 1996இல் இணையத்துக்கு வந்தது. இன்று மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் அதில் இருக்கின்றன. 1, 2, 4, 8, 16, 31 என்று தட்டினால் அடுத்தது 57, அதற்கடுத்து 99 என்று காட்டி, வட்டத்தையும் நாண்களையும் பற்றிச் சொல்லும். வேறு என்னென்ன இடங்களில் அந்த வரிசை வருகிறது என்பதும் இருக்கும்.

நம் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வரிசை கொண்டுவர முடியும். மார்கழியில் வாசலில் போடும் நேர்ப்புள்ளிக் கோலம், 7இல் தொடங்கி 1 வரை. வரிசைக்கு 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளிகள், மொத்தம் 25. ஐந்து புள்ளிக் கோலத்துக்கு 13, மூன்றுக்கு 5, ஒன்றுக்கு 1. 1, 5, 13, 25 என்று அந்தத் தளத்தில் தட்டினால் 41, 61 என்று நீளும். 25 என்பது மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்தது, 13 இரண்டின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும். கோலப் புள்ளிகளில் இரண்டு நிறம் போட்டுப் பார்த்தால் அந்த இரண்டு சதுரங்களும் சாய்வாக ஒன்றுக்குள் ஒன்று நிற்பது தெரியும். பத்தாம் வகுப்புத் தொடர்வரிசைப் பாடத்தை இங்கிருந்து தொடங்கலாம். பொது உறுப்புக்கான சூத்திரத்தைப் பிள்ளைகளே தேடிப் போவார்கள்.

இருபடிச் சமன்பாட்டு வரைபடத்துக்கு டெஸ்மாஸ். நான் சொல்வதெல்லாம், வரைபடத்தாளில் கையால் இரண்டு மூன்று வரைந்த பிறகு அதைத் திறங்கள். தேர்வில் கையால்தான் வரைய வேண்டும், அதோடு ஒவ்வொரு புள்ளியாகக் குறித்த கைக்குத்தான் திரையில் வளைவு சட்டென்று தோன்றுவதன் அருமை தெரியும். ஏ எக்ஸ் வர்க்கம் கூட்டல் பி எக்ஸ் கூட்டல் சி என்று தட்டினால் டெஸ்மாஸ் தானாகவே ஏ, பி, சி மூன்றுக்கும் ஸ்லைடர் வேண்டுமா என்று கேட்கும். ஏயை மாற்றினால் பரவளையம் ஒடுங்கும், விரியும், கவிழும். சியை மாற்றினால் மேலும் கீழும் போகும். இரண்டையும் பிள்ளைகள் எளிதாக ஊகித்துவிடுவார்கள். பியை மாற்றினால்? பக்கவாட்டில் நகரும் என்பார்கள். அப்படி நடக்காது. வளைவு ஒய் அச்சில் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு, முனை மட்டும் ஒரு பாதையில் ஏறி இறங்கும். அந்தப் பாதையே இன்னொரு பரவளையம், கவிழ்ந்தது. ஏன் என்று கண்டுபிடிக்கப் பத்தாம் வகுப்பு இயற்கணிதம் போதும், வர்க்கப் பூர்த்தி தெரிந்தால் சரி. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியைத் தருகிறேன்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு இரண்டு கருவிகள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் முதலாவது. இயற்பியலுக்கென்று ஆரம்பித்தது, கணிதத்துக்கும் இப்போது நிறைய இருக்கிறது. அதில் ஈக்வாலிட்டி எக்ஸ்ப்ளோரர் என்று ஒரு தராசு உண்டு. இடது தட்டில் இரண்டு எக்ஸும் மூன்று ஒன்றுகளும், வலது தட்டில் ஒன்பது ஒன்றுகள், எக்ஸின் மதிப்பு மூன்று என்று வைத்தால் தராசு சமமாக நிற்கும். இடது தட்டிலிருந்து மூன்றை எடுத்தால் சாயும். வலது தட்டிலும் மூன்றை எடுத்தால்தான் நேராகும். "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வாய்ப்பாட்டால் எத்தனை பிள்ளைகள் சமக்குறி என்பது என்னவென்றே தெரியாமல் பத்தாம் வகுப்புக்கு வந்து சேர்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பெருக்கல் போனால் வகுத்தலாகும், கூடவே குறியும் மாறும் என்று சேர்த்துப் போட்டுவிடுகிற பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. அந்த வாய்ப்பாட்டை ஒரு மாதம் சொல்லாமல் இருந்து, தராசை மட்டும் வைத்துப் பாடம் நடத்திப் பாருங்கள். ஃபெட்டின் செயல்பாடுகளைத் தனித்தனிக் கோப்புகளாக இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம், வகுப்பில் இணையம் தேவையில்லை.

இரண்டாவது பாலிபேட். காரணிப்படுத்தலுக்கு அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. எக்ஸுக்கு எக்ஸ் சதுரம் ஒன்று, எக்ஸுக்கு ஒன்று பட்டைகள் ஐந்து, ஒன்றுக்கு ஒன்று சிறு சதுரங்கள் ஆறு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு செவ்வகம் அமைக்கச் சொல்லுங்கள். அமைந்த செவ்வகத்தின் நீளமும் அகலமும்தான் காரணிகள். அடுத்து, சிறு சதுரங்களில் ஒன்றைக் குறைத்து ஐந்தாக்கிக் கொடுங்கள். எப்படி அடுக்கினாலும் செவ்வகம் வராது. எல்லாக் கோவைகளையும் முழு எண் காரணிகளாகப் பிரித்துவிட முடியாது என்பதை விரல்களால் அறிந்துகொள்வார்கள். கணினி இல்லாத வகுப்பில் பழைய அட்டைப்பெட்டியை வெட்டியே இதைச் செய்யலாம்.

ஹைடெக் லேபில் ஏற்கெனவே இருக்கிற விரிதாளை நாம் மதிப்பெண் பட்டியல் போட மட்டும்தான் பயன்படுத்துகிறோம். ஒன்பதாம் வகுப்புப் பட்டறி நிகழ்தகவுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஒரு கட்டத்தில் 0 அல்லது 1 தற்செயலாக விழும்படி சூத்திரம் எழுதி ஆயிரம் கட்டங்களுக்கு இழுத்துவிட்டால் ஆயிரம் முறை காசு சுண்டியாயிற்று. காலியாக உள்ள ஒரு கட்டத்தில் எதையாவது தட்டினால் அத்தனையும் மறுபடி சுண்டப்படும். முதல் பத்தில் எத்தனை தலை, ஆயிரத்தில் எத்தனை தலை என்று பக்கத்தில் காட்டி வையுங்கள். பத்தில் 2, 7, 4, 8 என்று தாவிக்கொண்டே இருக்கும், ஆயிரத்தில் ஐந்நூறை ஒட்டியே நிற்கும். பத்து முறை சுண்டினால் ஐந்து தலை விழ வேண்டும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறோம். சரியாக ஐந்து விழும் நிகழ்தகவு 1024இல் 252, கால் பங்குகூட இல்லை.

வீடியோக்களை நான் அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. கல்வித் தொலைக்காட்சியும் மணற்கேணி செயலியும் பள்ளிக்கு வரமுடியாமல் போன பிள்ளைக்குப் பெரிய உதவி. கான் அகாடமியில் பயிற்சிக் கணக்குகள் படிப்படியாக இருக்கின்றன. கிராண்ட் சாண்டர்சன் 2015 முதல் நடத்திவரும் த்ரீ புளூ ஒன் பிரவுன் சேனலை நமக்காகப் பாருங்கள், வகுப்புக்காக அல்ல. நாம் கல்லூரியில் மனப்பாடம் செய்து கடந்துவந்த நேரியல் இயற்கணிதம் கண்முன் உருவமெடுப்பதைப் பார்த்தால் பாடம் எடுக்கும் உற்சாகம் கூடும். வகுப்புக்குப் புதுக் கணக்கு தேடுகிறவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் கணக்குகள் நான்கு வரிக்கு மேல் போவது குறைவு. நாமே தமிழில் சொல்லிவிடலாம்.

படம் எடுத்தால் விடை சொல்லும் செயலிகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். வீட்டுப்பாடத்தை ஃபோட்டோமேத்தில் போட்டு எழுதிவந்துவிடுகிறார்கள், சாட்ஜிபிடியைக் கேட்டு எழுதுகிறார்கள் என்று. தடுக்க முடியாது, தடுத்துப் பயனுமில்லை. விடை மலிந்துவிட்டதால் விடையை மட்டும் கேட்கும் வீட்டுப்பாடம் இனி எதையும் அளக்காது. நான் பரிந்துரைப்பது, ஒரு கணக்கை முழுதாகச் செய்து, நடுவில் ஒரு படியைத் தவறாக எழுதிக் கொடுத்து, எங்கே தவறு, அதைச் செய்தவர் என்ன நினைத்து அப்படிச் செய்திருப்பார் என்று இரண்டு வரி எழுதிவரச் சொல்லுங்கள். மறுநாள் முதல் பத்து நிமிடம் அதைப் பேசவே போய்விடும். பயிற்சித்தாள் தயாரிக்க நாமும் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொரு கணக்கையும் பேனா பிடித்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். தவறான விடையையும் அது சரியான விடையைச் சொல்லும் அதே சரளத்தில்தான் சொல்லும்.

நேரம் எங்கே இருக்கிறது, எமிஸில் பதிவேற்றவே பாதி நாள் போகிறது, போர்ஷன் முடிக்க வேண்டும், ரிசல்ட் கேட்பார்கள் என்று சொல்வீர்கள். நியாயம்தான். அதனால்தான் வாரத்துக்கு ஒரு பாடம் என்றுகூட நான் சொல்லவில்லை. ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் போதும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கணினி வேண்டும் என்பதும் இல்லை. ஒரே திரை, அதை நாற்பது பேர் பார்த்து வாதாடுவது என்பது பெரும்பாலும் அதைவிட நல்ல வகுப்பு. ஆளுக்கொரு கணினி கொடுத்தால் ஆளுக்கொரு மௌனம் வந்துவிடுகிறது. ஊகத்தை முதலில் நோட்டில் எழுத வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுதாத பிள்ளை திரையில் வந்ததைப் பார்த்துவிட்டு 'எனக்கு அப்பவே தெரியும் சார்' என்று சொல்லிவிடும்.

ஒரு வேண்டுகோள். ஃபெட்டின் செயல்பாடுகளை யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கப் பதிவு செய்துகொள்ளலாம். நம் பாடநூல் பயன்படுத்தும் கலைச்சொற்களிலேயே அவை தமிழில் இருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் தானாகத் திறந்து பார்க்கும். ஒன்றில் இருப்பது சில பத்துச் சொற்கள்தான். சி.ஆர்.சி. கூட்டத்தில் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் ஒன்றை முடிக்கலாம். ஜியோஜீப்ராவில் நீங்கள் செய்த கோப்பையும் உங்களிடமே வைத்துக்கொள்ளாமல் தமிழ்க் குறிப்போடு குழுவில் போடுங்கள். கூடவே உங்கள் பிள்ளைகள் நோட்டில் எழுதிய ஊகங்களையும், முக்கியமாகத் தவறானவற்றை, படமெடுத்துப் போடுங்கள். அடுத்த ஊரில் அதே பாடத்தை முதல்முறையாக எடுக்கப் போகிறவர் எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்பதை அவற்றை வைத்துத்தான் முடிவு செய்வார்.

அன்புடன்,
உங்களில் ஒரு கணித ஆசிரியர்